பலகையின் என் பாதி

ஜூலை 3, திங்கள்

பதிவாளர் குலோத்துங்கன் காலையில் என் அறைக்கே வந்து கும்பிட்டார். இந்த மனிதர் கும்பிட்டால் எதையோ பிடுங்கப் போகிறார் என்று அர்த்தம். போன வருடம் கும்பிட்டார். மறுநாள் என் புத்தக அலமாரி நூலகத்துக்குப் போய்விட்டது.

"சார், புதுசா நாலு பேர் வேலைக்குச் சேர்றாங்க. ரூம் பத்தல. ரிட்டயர் ஆன புரொஃபசருங்க எல்லாம் ரெண்டு ரெண்டு பேரா உக்காரணும்னு டைரக்டர் முடிவு பண்ணிட்டார்."

"என்கூட யாரு?"

அவர் சொன்ன பெயரை இங்கே எழுத மாட்டேன். இருபத்தேழு வருடமாக அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. என் கட்டுரைகளில்கூட, மறுக்க வேண்டிய இடத்தில், அடிக்குறிப்பு எண்ணால் மட்டுமே அவரைச் சுட்டியிருக்கிறேன். இந்த டைரியில் அவர் 'அன்னார்'.

நானும் அன்னாரும் கோட்பாட்டு இயற்பியல்காரர்கள். அதாவது ஆய்வகம் கிடையாது, கருவி கிடையாது. ஒரு கரும்பலகை, சாக்பீஸ், பெரிய குப்பைத்தொட்டி. பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரி, சென்னையில் இந்த நிறுவனத்தில் ஒரே வருடம் சேர்ந்தோம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினோம். கருந்துளையின் விளிம்பிலிருந்து கசியும் வெப்பத்துக்கு ஒரு சிறு திருத்தம். உலகத்தில் முந்நூறு பேருக்கு அது முக்கியம். அந்தத் திருத்தத்துக்கு முன்னால் கழித்தல் குறி வரும். அன்னார் பிற்பாடு தனியாக ஒரு கட்டுரை எழுதி, அதில் கூட்டல் குறி போட்டார். அதோடு பேச்சு நின்றது. காரணம் அந்தக் குறிதான். வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 5, புதன்

அன்னார் வந்துவிட்டார். ஒரு பிளாஸ்க், ஒரு நாற்காலி மெத்தை, ஒரு சட்டமிட்ட புகைப்படம். புகைப்படத்தை மேஜைமேல் வைத்து, என்னைப் பார்த்து, பிறகு இழுப்பறைக்குள் வைத்தார். நான் ஜன்னல் வழியாகப் புங்க மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பலகை ஒன்றுதான். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டேன். ஜன்னல் பக்கம் எனது. அன்னார் கோட்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியாதே, நாங்கள்தான் பேசுவதில்லையே.

ஜூலை 12, புதன்

அன்னாரின் சாக்பீஸ் கீச்சிடுகிறது. என்னுடையது கீச்சிடாது.

ஜூலை 20, வியாழன்

குலோத்துங்கன் மறுபடி கும்பிட்டார். ஜனவரியோடு ஒரு அறைக்கு ஒரு முதியவர்தானாம். இருவரில் யார் இருப்பது? அதற்குள் ஒரு புதிய கட்டுரையை 'முதல் ஆசிரியராக' எழுதியவர். மற்றவர் காலி செய்ய வேண்டும்.

இந்த 'முதல் ஆசிரியர்' விவகாரத்தை அவருக்கு விளக்க முயன்றேன். "எங்க துறையில பேரெல்லாம் இங்கிலீஷ் எழுத்து வரிசைப்படிதான் போடுவோம். முதல்ல வர்றவர் பெரிய ஆளுன்னு அர்த்தம் இல்ல."

"நான் முன்ன இருந்தது உயிரியல் ஆராய்ச்சி நிலையம் சார். அங்க முதல் பேரு வேலை செஞ்சவர், கடைசிப் பேரு மேஸ்திரி. உங்க வழக்கப்படி வேலை செஞ்சது யாருன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"கண்டுபிடிக்க மாட்டோம்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். விதி விதியாகவே இருக்கிறது.

வீட்டில் சொன்னேன். காந்திமதி கீரை ஆய்ந்துகொண்டே, "விட்டுட்டு வீட்ல இருங்களேன், என்ன குறஞ்சு போகுது?" என்றாள். இவளுக்குப் புரியவைக்க முடியாது. அறையில் நான் சும்மா உட்கார்ந்திருந்தால் அது ஆராய்ச்சி. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் கேஸ் சிலிண்டர் வந்ததா என்று பார்க்கச் சொல்வாள். அந்த அறை போனால் நான் முடிந்தேன். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

பழைய திருத்தத்தைச் சுழலும் கருந்துளைக்கு நீட்டிக்கிறேன். என் பாதி நிறைந்துவிட்டது. ஆறாவது வரிக்குமேல் நகரவில்லை.

அன்னாரும் அதே கணக்கைத்தான் வேறு பக்கத்திலிருந்து போடுகிறார் போல. நான் அவர் பாதியைப் பார்ப்பதில்லை. மூன்றாவது வரியில் இரண்டால் வகுக்க மறந்திருக்கிறார்.

ஆகஸ்ட் 7, திங்கள்

இன்னும் வகுக்கவில்லை. அந்த வரியைக் கடக்கும்போது இருமினேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

வகுத்துவிட்டார். எனக்கு இருமல் இருந்தது உண்மைதான், காந்திமதியைக் கேட்டால் சொல்வாள்.

ஆகஸ்ட் 17, வியாழன்

வாயிற்காவலர் சொன்னார், அன்னார் ஞாயிற்றுக்கிழமையும் வருகிறாராம், கேட் பூட்டும்வரை இருக்கிறாராம். இந்தப் போட்டி வெறியை என்னென்பது! அறையைப் பிடிக்க எப்படி அலைகிறார் பாருங்கள்.

மதியச் சாப்பாடு தினமும் பிரெட், ஜாம். பாளையங்கோட்டைக்காரன் ஜாம் தின்று ஆராய்ச்சி செய்தால் குறி தப்பாகத்தான் வரும்.

இதைக் காந்திமதியிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "ரோஸ்லின் போனப்புறம் சமைக்க யாரு இருக்கா அவுகளுக்கு? மகன் கனடாவுல."

ரோஸ்லின் அன்னாரின் மனைவி. நாலு வருடத்துக்கு முன் இறந்துபோனார்.

"அதுக்கு நான்தான போனேன்," என்றாள். "நீங்க அன்னைக்கு ஏதோ முக்கியமான கணக்குன்னு உக்காந்துட்டீங்க."

முக்கியமான கணக்குதான்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

காந்திமதி இரண்டு டப்பா கட்டிவிட்டாள். தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சித் துவையலும். என்னால் எவ்வளவுதான் தின்ன முடியும்? இரண்டாவது டப்பாவைக் கோட்டுக்கு நேர் கீழே, இரண்டு மேஜைக்கும் நடுவில் வைத்துவிட்டு நூலகத்துக்குப் போனேன். திரும்பி வந்தபோது காலி டப்பா என் பக்கம் இருந்தது. மூடியில் சொதி வாசம் போகவில்லை. அன்னாருக்கு டப்பா கழுவத் தெரியாது.

செப்டம்பர் 11, திங்கள்

ஆறாவது வரி.

செப்டம்பர் 29, வெள்ளி

ஆறாவது வரி. தினமும் இரண்டு டப்பா. இப்போது நன்றாகக் கழுவுகிறார்.

அக்டோபர் 9, திங்கள்

பக்கத்து அறையில் முனைவர் பட்டம் முடித்து ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் ஷமீமா என்ற ஆம்பூர்ப் பெண் தேநீர் நேரத்தில் கேட்டாள்: "சார், உங்க ரெண்டு பேருக்கும் அப்படி என்னதான் சார் பிரச்சினை?"

குறி என்றேன். அவள் விசித்திரமாக ஒரு பார்வை பார்த்து, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தாள்.

சிலர் வேறு கதையும் கட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். ஆகவே உண்மையை எழுதி வைக்கிறேன். தொண்ணூற்றாறில் இத்தாலியில் ஒரு மாநாடு. எங்கள் கட்டுரையைப் பற்றி ஒரு வெள்ளைக்காரர் பேசினார். திரையில் 'அன்னார் விளைவு' என்று போட்டிருந்தார். அன்னார் பெயர் ஆங்கிலத்தில் ஏ-யில் தொடங்கும், என் பெயர் டி-யில். வரிசைப்படி அவர் முதல், நான் இரண்டாவது. "இரண்டாவது ஆசிரியரின் பெயரை உச்சரிக்கத் தனியாக ஒரு மாநாடு நடத்த வேண்டும்" என்றார் அந்த வெள்ளைக்காரர். அரங்கம் சிரித்தது. முன்வரிசையில் அன்னாரும் சிரித்தார். நான் எழுந்து வெளியே காபி குடிக்கப் போனேன். தொண்டை வறண்டிருந்தது. அன்றிலிருந்து உலகம் முழுக்க அது அன்னார் விளைவு. இதற்கும் குறிச் சண்டைக்கும் எள்ளளவும் சம்பந்தம் இல்லை.

என் பெயர் திருமலைக்கொழுந்து. இதில் உச்சரிக்க என்ன கஷ்டம்?

அக்டோபர் 25, புதன்

அட கடவுளே.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து போனேன். பிற துறைகளில் இயந்திரங்களைத் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். எங்களிடம் ஏது இயந்திரம்? பூஜைக்குப் பொறுப்பான அலுவலக ஆட்கள் போன வெள்ளிக்கிழமை நாங்கள் போனபின் வந்து எங்கள் ஆயுதத்தைத் துடைத்திருக்கிறார்கள். கரும்பலகையை. ஈரத்துணியால். பளபளவென்று. நடுவில் சந்தனம், குங்குமம், மேலே ஒரு மாவிலைக் கொத்து. 'அழிக்காதே' என்று மூலையில் எழுதியிருந்ததையும் பக்தியோடு அழித்திருந்தார்கள்.

நாலு மாத வேலை. இருவருடையதும். இருவரும் காகிதத்தில் எழுதிக்கொள்ளவில்லை, எதிராளி பார்த்துவிடுவான் என்று. பலகையில் எழுதினால் பார்க்க மாட்டானாம்! இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் கருந்துளையை ஆராய்கிறோம்.

சாக்பீஸை எடுத்து என் முதல் வரியை எழுதப் போனேன். வரவில்லை. இரண்டாவது வரியும் வரவில்லை. என் கணக்கு எனக்கு நினைவில்லை. ஆனால் அன்னாரின் கணக்கு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, அவர் வளைத்துப் போடும் காமா என்ற கிரேக்க எழுத்து உட்பட, கண்முன் நின்றது.

அவரும் சாக்பீஸோடு நின்றுகொண்டிருந்தார். எழுதவில்லை. பிறகு, இருபத்தேழு வருடத்தில் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"உம்ம கணக்கு எனக்கு ஞாபகம் இருக்கு வே. சொல்லவா?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "முதல்ல உம்மத எழுதும். நான் சொல்லுதேன்."

மாலைவரை நான் அவருடையதைச் சொல்ல அவர் எழுதினார், அவர் என்னுடையதைச் சொல்ல நான் எழுதினேன். கோடு போட மறந்துவிட்டேன்.

அக்டோபர் 26, வியாழன்

என் ஆறாவது வரிக்கு விடை அவருடைய நாலாவது வரி. அவர் சிக்கியிருந்த இடத்துக்கு விடை என் இரண்டாவது வரி. சேர்த்தால் கணக்கு முடிகிறது. ஒரே ஒரு இடைஞ்சல். அந்தக் குறி.

"கழித்தல் வே," என்றேன்.

"கூட்டல்," என்றார்.

"கண்ணு தெரியலையா உமக்கு?"

"உமக்குக் கண்ணும் தெரியல, காதும் கேக்கல."

சத்தம் கேட்டு ஷமீமா ஓடிவந்தாள். பலகையைப் பார்த்தாள். "சார், கோவிச்சுக்காதீங்க. நீங்க காலத்தைக் கூட்டல், இடத்தைக் கழித்தல்னு வச்சுப் போடுறீங்க. அந்த சார் அதைத் தலைகீழா வச்சுப் போடுறார். அதனால நடுவுல குறி மாறுது. கடைசி விடை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்."

இது எங்கள் துறையில் முதல் வாரப் பாடம். ஒருவர் வாசல் பக்கத்திலிருந்து அறைகளை எண்ணுகிறார், இன்னொருவர் கொல்லைப் பக்கத்திலிருந்து எண்ணுகிறார், வீடு ஒன்றுதான். இருவரும் எங்கள் கட்டுரைகளில் 'வழக்கமான குறியீட்டைப் பயன்படுத்துகிறோம்' என்று ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தோம். நடுவரியிலேயே நின்று சண்டை போட்டதால் யாருமே மற்றவருடைய கடைசி வரிக்குப் போகவில்லை.

"நீ எப்பக் கண்டுபிடிச்ச?" என்று அன்னார் கேட்டார்.

"நான் கண்டுபிடிக்கல சார். எல்லாருக்கும் தெரியும். ஒரு ஜப்பான்காரங்க கட்டுரையில அடிக்குறிப்பாவே இருக்கு. ரொம்ப வருஷமா."

"ஒருத்தனும் எங்ககிட்ட சொல்லலையே!"

"உங்ககிட்ட சொன்னா அவர் கோவிப்பார், அவர்கிட்ட சொன்னா நீங்க கோவிப்பீங்க. யார் சார் சொல்லுவா?"

முந்நூறு பேருக்கும் தெரிந்திருக்கிறது. எங்கள் இருவரைத் தவிர.

அன்னார் முதலில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு வந்தது. வயிறு வலிக்கும்வரை வந்தது. அப்புறம்தான் உறைத்தது. குறிதான் காரணம் என்றால், அந்தக் காரணமும் இப்போது இல்லையே.

நவம்பர் 20, திங்கள்

கட்டுரை எழுதுகிறோம். அவர் ஒரு பத்தி, நான் ஒரு பத்தி. எழுபதை நெருங்கும் இரண்டு பேர் ஒரு காற்புள்ளிக்காக அரை நாள் அடித்துக்கொள்கிறோம். ரொம்ப நன்றாக இருக்கிறது. இதைக் காந்திமதியிடம் சொல்லவில்லை. அவளாகவே டப்பாவைப் பெரிதாக்கிவிட்டாள்.

புகைப்படம் இழுப்பறையிலிருந்து மேஜைக்கு வந்திருக்கிறது. ரோஸ்லின் சிரித்துக்கொண்டிருக்கிறார். நான் அதற்கு ஒரு வணக்கம் போட்டேன். அன்னார் பார்க்காதபோது.

டிசம்பர் 8, வெள்ளி

கட்டுரை முடிந்தது. பெயர்களின் வரிசையைப் பற்றி நான்தான் பேச்சை எடுத்தேன். முதலில் வருபவருக்கு அறை என்பது இருவருக்கும் தெரியும்.

"வழக்கப்படிதான வே?" என்றேன்.

"பின்ன? வழக்கப்படிதான்," என்றார், சிரித்த முகமாக.

வழக்கப்படி என்றால் ஏ முதலில். எவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்தது பாருங்கள்! 'உமக்கும் அந்த அறை வேணும்லா' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேண்டாம் என்று நானே சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. என் சொதியைத் தின்றுவிட்டு என் அறையையும் எடுத்துக்கொள்கிறார். திங்கட்கிழமை அவரே இணையத்தில் ஏற்றுவாராம். ஏற்றட்டும்.

டிசம்பர் 12, செவ்வாய்

காலையில் குலோத்துங்கன் கும்பிட்டார். "வாழ்த்துகள் சார். கட்டுரையைப் பார்த்துட்டோம். ரூம் உங்களுக்குத்தான்."

புரியவில்லை. இணையத்தில் ஓடிப்போய்ப் பார்த்தேன். முதல் பெயர் திருமலைக்கொழுந்து. ஓர் எழுத்துக்கூடச் சிதையாமல், முழுசாக. அதற்குக் கீழே அன்னார்.

எங்கள் துறையில் வரிசையை மாற்றிப் போட்டால் ஒரே அர்த்தம்தான்: இரண்டாவது ஆள் பெயருக்கு ஒட்டிக்கொண்டவர். அதை இந்த மனிதர் தெரிந்தே தனக்குச் செய்துகொண்டிருக்கிறார்.

அறைக்குப் போய் எகிறினேன். "என்ன வே இது? வழக்கப்படின்னுதான சொன்னீரு?"

அவர் பிளாஸ்க்கை மூடினார். "இத்தாலியில நடந்தது ஞாபகம் இருக்கா?"

"இல்ல," என்றேன்.

"அந்த ஆளு உம்ம பேர வச்சு நக்கல் அடிச்சான்லா. முதல்ல எனக்கும் சிரிப்பு வந்துட்டு. திரும்பிப் பாத்தேன், நீரு எந்திரிச்சுப் போயிட்டு இருக்கீரு. நான் எந்திரிச்சு, இந்தப் பேரச் சொல்லாம அந்த வேலையப் பத்திப் பேசக் கூடாதுன்னு சொன்னேன். அந்த ஆள மூணு தடவ சொல்ல வச்சேன், திருமலைக்கொழுந்துன்னு. கூட்டம் பூரா கை தட்டுச்சு. வெளிய வந்து உம்மத் தேடுனேன். நீரு ரயிலேறிட்டீரு."

நான் காபி குடிக்கப் போனதாகத்தான் இதுவரை எழுதியிருக்கிறேன். ரயில் நிலையத்திலும் காபி கிடைக்கும்.

"அத ஏன் வே அப்பவே சொல்லல?"

"எங்க பேசுனீரு நீரு? அடிக்குறிப்பாலதான பேசுனீரு."

கண் கலங்கிவிட்டது, சாக்பீஸ் தூசி என்று சொல்ல நினைத்தேன், அதற்குள் அவர் கைக்குட்டையை நீட்டிவிட்டார்.

"அப்ப ரூமு?" என்றேன்.

"எனக்கென்ன, வீட்ல உக்காந்து போடுதேன் கணக்க," என்றார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்தக் குரலை எனக்கு ஐம்பது வருடமாகத் தெரியும். பொய் சொல்லும்போது அப்படித்தான் இருக்கும்.

டிசம்பர் 13, புதன்

சாப்பிட முடியவில்லை. "அறை கெடச்சிருச்சுல்லா, பின்ன என்ன மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள் காந்திமதி.

"வேளச்சேரியில அவர் இருக்கிற வீடு எப்படி இருக்கும்?"

"ரெண்டாவது மாடி. ரெண்டு ரூமு. டிவி மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். ஆள் இருக்க மாதிரி சத்தம் வேணும்ல. நான் போனப்பவே அப்படித்தான்."

எனக்குச் சண்டை போட வீட்டில் ஆள் இருக்கிறது. கேஸ் சிலிண்டர் வந்ததா என்று கேட்க ஆள் இருக்கிறது.

டிசம்பர் 14, வியாழன்

இணையத்தில் கட்டுரையின் திருத்திய பதிப்பை ஏற்றினேன். ஒரே ஒரு மாற்றம். காரணம் கேட்கும் கட்டத்தில் 'ஆசிரியர் பெயர்கள் எழுத்து வரிசைப்படி அமைக்கப்பட்டன' என்று போட்டேன். அதன் நகலைக் குலோத்துங்கனிடம் கொடுத்தேன்.

"சார், ரூம வேணாம்னு தானே எழுதிக் குடுக்குற ஆள இப்பதான் பார்க்குறேன்."

"நான் ரூமைப் பத்தி எதுவும் எழுதல. எழுத்து வரிசையைப் பத்தித்தான் எழுதியிருக்கேன். ஒரு துறைன்னா ஒரு ஒழுங்கு வேணும்ல?"

அவ்வளவுதான் விஷயம். ஒழுங்கு.

டிசம்பர் 15, வெள்ளி

அன்னார் என்னோடு பேசவில்லை. நாள் முழுக்க. கோபமாம். சொதி டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஜனவரி 31, புதன்

காலி செய்தேன். இரண்டு அட்டைப்பெட்டி. நாற்காலியை எடுக்க வந்த ஆட்களை அன்னார் விரட்டிவிட்டார். "அது என் விருந்தாளி நாற்காலி, தொட்டா டைரக்டர்கிட்ட போவேன்."

பலகையின் ஜன்னல் பக்கப் பாதியில் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறார்.

பிப்ரவரி 1, வியாழன்

வழக்கமான பஸ், வழக்கமான நேரம், கையில் இரண்டு டப்பா. வாயிற்காவலர் கையை நீட்டி மறித்தார். முப்பத்தெட்டு வருடமாக எனக்கு சல்யூட் அடித்த கேட்.

"மன்னிக்கணும் சார். ரூம் இல்லாதவங்க இனிமே பார்வையாளர்தானாம். தினமும் புத்தகத்துல எழுதிட்டுத்தான் உள்ள போகணும்னு பதிவாளர் சொல்லிட்டார்."

பேனாவை வாங்கினேன். பெயர்: திருமலைக்கொழுந்து. நோக்கம்: மதியச் சாப்பாடு, கணக்கு. அடுத்த கட்டத்தில் 'பார்க்க வந்த நபர்' என்று இருந்தது. முதலெழுத்தை மட்டும் போட்டேன்.

"முழுப் பேர் எழுதணும் சார்."

"தினமுமா?"

"தினமும்."

எழுதினேன். ஓர் எழுத்துகூடச் சிதையவில்லை. இங்கேயும் எழுதி வைக்கிறேன், பழகட்டும்.

அருமைநாயகம்.